மூளையில் ஓடும் ரத்தத்தை எப்படி அளக்கிறார்கள்?

செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் படம்தான். சாம்பல் நிறத்தில் ஒரு மூளை, அதன் ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு திட்டு, கீழே "பாட்டுக் கேட்கும்போது மூளையின் இந்தப் பகுதி ஒளிர்கிறது" என்று ஒரு வரி. மூளை எங்கேயும் ஒளிர்வதில்லை. அந்தத் திட்டு கணினி பூசிய நிறம். அதற்குப் பின்னால் இருப்பது ரத்தம் சம்பந்தப்பட்ட ஏதோ ஓர் அளவு, அதுவும் பெரும்பாலும் ரத்த ஓட்டமாகவே இருக்காது, ரத்த ஓட்டம் மாறினால் கூடவே மாறுகிற வேறொன்றாக இருக்கும். இந்தத் துறைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். மூளைக்குள் இவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று நேராக அளந்து சொல்லும் கருவி கிட்டத்தட்ட இல்லை. ஒன்று கதிர்வீச்சை எண்ணுகிறது, ஒன்று காந்தப்புலத்தில் வரும் சின்ன மாற்றத்தைப் பிடிக்கிறது, இன்னொன்று லேசர் வெளிச்சத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள் எவ்வளவு கலைகின்றன என்று பார்க்கிறது. பிறகு அதிலிருந்து ரத்த ஓட்டம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். கருவி எதைப் பார்க்கிறது, கணக்கு எங்கே தொடங்குகிறது என்ற இரண்டும் தெரிந்தால் இந்த முறைகளில் பாதி புரிந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் அளக்க வேண்டும்? மூளையின் எடை உடம்பில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது என்றால் அதில் 700, 750 மில்லி மூளைக்குப் போகிறது. தசையைப் போல, கல்லீரலைப் போலச் சேமிப்பு வைத்துக்கொள்ளும் பழக்கம் மூளைக்கு இல்லை. வரத்து நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். அதனால் எந்த இடத்தில் வேலை கூடுகிறதோ அந்த இடத்துக்கு உடனே ரத்தம் கூடுதலாக வருகிறது. நரம்பணுக்கள் வேலையைத் தொடங்கிய ஓரிரு விநாடியில் பக்கத்துச் சிறு தமனிகள் விரிய ஆரம்பிக்கும், ஐந்தாறு விநாடியில் ஓட்டம் உச்சத்துக்குப் போகும். 1890இல் கேம்பிரிட்ஜில் சார்ல்ஸ் ராயும் சார்ல்ஸ் ஷெரிங்டனும் இப்படி ஓர் இணைப்பு இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

அதற்கும் முன்னால் இத்தாலியின் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மோசோ என்ற உடலியலாளர் ஒரு பெரிய தராசுப் பலகையில் ஆட்களைப் படுக்க வைத்து, சமநிலைக்குக் கொண்டுவந்து, பிறகு ஏதாவது யோசிக்கச் சொன்னார். யோசிக்கும்போது தலைப்பக்கம் தாழ்கிறது என்றார். மூச்சு விட்டாலே ஆடும் பலகையில் அவர் பார்த்தது மூளைக்குப் போன ரத்தம்தானா என்பது சந்தேகம்தான், ஆனாலும் தலையைத் திறக்காமல் மூளையின் ரத்தத்தை அளக்கலாம் என்று 1880களிலேயே துணிந்த மனுஷர் அவர்.

சரி, எதை அளக்கிறோம் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் குழப்பம் முக்கால்வாசி இங்கேதான் வருகிறது. ரத்தத்தின் வேகம், ஓர் இடத்தில் இருக்கும் ரத்தத்தின் அளவு, ரத்த ஓட்டம் ஆகிய மூன்றும் வெவ்வேறு. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது வேறு, இந்த நிமிஷம் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது வேறு, வயலுக்கு மணிக்கு எத்தனை தண்ணீர் பாய்ந்தது என்பது வேறு. மூளை விஞ்ஞானிகளுக்கு வேண்டியது கடைசிக் கணக்கு. அதை 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று சொல்வார்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு மூளை முழுக்கச் சராசரியாக 50 மில்லி. நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் பகுதியில் இது கூடுதல், இணைப்பு இழைகள் மட்டும் ஓடும் வெள்ளைப் பகுதியில் 20 பக்கம். சாம்பல் பகுதியில் ஏதாவது ஓர் இடத்தில் ஓட்டம் 20க்குக் கீழே விழுந்தால் அங்கே நரம்பணுக்கள் சிக்னல் அனுப்புவதை நிறுத்திவிடும். 10க்குக் கீழே போனால் செல்கள் சாகத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் திசு மௌனமாகிவிட்டது, ஆனால் இன்னும் சாகவில்லை. பக்கவாதம் வந்தவரை மருத்துவமனைக்கு ஓட்டமாய்க் கொண்டுபோகச் சொல்வது இந்த நடுப்பகுதியைக் காப்பாற்றத்தான்.

வேகத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு உதாரணம் கையருகிலேயே இருக்கிறது. நெற்றிப்பொட்டில் மண்டையோடு மெல்லிசாக இருக்கும். அங்கே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, மூளைக்குப் போகும் பெரிய தமனியில் ரத்தத்தின் வேகத்தைக் கேட்கும் முறையை ரூனே ஆஸ்லிட் 1982இல் கொண்டுவந்தார். நல்ல முறை, மலிவு, படுக்கையிலேயே செய்யலாம். ஆனால் அது தருவது விநாடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்ற வேகம் மட்டும். தமனி சுருங்கினாலும் வேகம் கூடும், ரத்தம் அதிகமாக வந்தாலும் வேகம் கூடும். இரண்டில் எது என்று அந்த எண் மட்டும் சொல்லாது.

மில்லிக் கணக்கை முதன்முதலில் மனிதரிடம் எடுத்தவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும். 1940களின் நடுவில். இதில் படம் எதுவும் கிடையாது, ஆனாலும் பின்னால் வந்த எல்லாப் படங்களுக்கும் தாய் இதுதான். ஒருவருக்குச் சிரிப்பு வாயு என்கிறோமே, அந்த நைட்ரஸ் ஆக்சைடை மயக்கம் வராத அளவில் பத்து நிமிடம் சுவாசிக்கக் கொடுக்கிறார்கள். கையில் தமனியிலிருந்தும், கழுத்தில் மூளையிலிருந்து இறங்கும் சிரையிலிருந்தும் விட்டு விட்டு ரத்தம் எடுத்து, இரண்டிலும் வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். உள்ளே போனதில் வெளியே வந்ததைக் கழித்தால் மிச்சம் மூளையில் தங்கியது. தங்கிய அளவும் தெரியும், உள்ளே போன ரத்தத்துக்கும் வெளியே வந்த ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசமும் தெரியும் என்றால், அவ்வளவு வாயுவைக் கொண்டுவர எத்தனை ரத்தம் ஓடியிருக்க வேண்டும் என்று வகுத்துப் பார்த்துவிடலாம்.

இந்த முறையின் குறை, மூளை முழுவதற்கும் சேர்த்து ஒரே ஓர் எண்தான் வரும். 1955இல் லூயி சோகலாஃப் குழுவினர் ஆட்களை மனக்கணக்குப் போடச் சொல்லி அளந்தார்கள், மொத்த ஓட்டம் மாறவே இல்லை. மூளை யோசிக்கும்போது ரத்தம் கூடுதலாக வேண்டாம் என்று அர்த்தமா? இல்லை. கூடுவது சின்ன இடத்தில், கூட்டிப் பார்க்கும்போது அது காணாமல் போகிறது. ஆகவே இடம் இடமாக அளக்க வேண்டும், அதாவது வரைபடம் வேண்டும்.

வரைபடமும் அதே 1955இல் கெட்டி இருந்த அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில்தான் வந்தது. கதிரியக்க அயோடின் கோத்த ஒரு வாயுவைப் பூனைகளுக்குக் கொடுத்து, ஒரு நிமிடத்துக்குள் உயிரை முடித்து, மூளையை உறையவைத்துச் சீவி, அந்தச் சீவல்களைப் புகைப்படப் படலத்தின்மேல் வைத்தார்கள். எந்த இடத்துக்கு ரத்தம் அதிகம் போனதோ அங்கே படலம் அதிகம் கறுத்தது. பிறகு விழித்திருக்கும் பூனையின் கண்ணெதிரே விளக்கை மினுக்கிப் பார்த்தபோது பார்வைக்கான பகுதிகள் மட்டும் தனியாகக் கறுத்து நின்றன. இன்றைக்கும் இதே முறை, கார்பன்-14 சேர்த்த அயடோஆன்டிபைரின் என்ற பொருளோடு, எலி, சுண்டெலி ஆய்வுகளில் உரைகல்லாக இருக்கிறது. மில்லிக் கணக்கு தரும், மூளையின் அடிவரை காட்டும், ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குவரை துல்லியம் உண்டு. ஆனால் ஒரு விலங்குக்கு ஒரே படம், அந்த ஒரு கணத்தின் படம் மட்டும். அந்த விலங்கிடம் முன்னால் எப்படி இருந்தது, மருந்து கொடுத்த பின்னால் எப்படி ஆனது என்று கேட்க வழியில்லை.

மனிதருக்கு இதே யோசனையைக் கொண்டுபோனது பெட் ஸ்கேன். ஆக்சிஜன்-15 என்ற கதிரியக்க ஆக்சிஜனைக் கொண்டு தண்ணீர் செய்து நரம்பில் ஏற்றுகிறார்கள். அது ரத்தத்தோடு மூளைக்குப் போய்த் திசுவுக்குள் இறங்கும். சிதையும் ஒவ்வோர் அணுவும் ஒரு பாசிட்ரானை விடும், அது ஓரிரு மில்லிமீட்டர் போய் ஓர் எலக்ட்ரானில் முட்டி, இரண்டும் மறைந்து, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்பும். தலையைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கும் உணரிகளில் எதிரெதிரே இருக்கும் இரண்டு ஒரே நேரத்தில் அடித்தால், சம்பவம் நடந்தது அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில். இப்படி லட்சக்கணக்கான கோடுகளைச் சேர்த்து வரைபடம் போடுவார்கள். ஆக்சிஜன்-15இன் அரை ஆயுள் இரண்டே நிமிடம். அதனால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும், செய்தவுடன் ஏற்ற வேண்டும். ஆனால் அதிலேயே ஒரு லாபமும் இருக்கிறது. பத்து நிமிடம் காத்திருந்தால் கதிர்வீச்சு முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், அதே ஆளுக்கு அடுத்த ஸ்கேன் எடுத்துவிடலாம். தமனியிலிருந்து ரத்த மாதிரியும் எடுத்தால் உண்மையான மில்லிக் கணக்கே வரும். மற்ற முறைகளைச் சரிபார்க்க மனிதரிடம் இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த பெட் வேலையிலிருந்து வந்த ஒரு முடிவு எம்ஆர்ஐயைப் புரிந்துகொள்ளத் தேவை. 1986இல் பீட்டர் ஃபாக்ஸும் மார்கஸ் ரெய்க்கிலும் விரல்களில் அதிர்வு கொடுத்து, தொடு உணர்ச்சிக்கான பகுதியைப் பார்த்தார்கள். அங்கே ரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது, ஆக்சிஜன் செலவோ 5 சதவீதம்தான் கூடியது. தேவைக்கு மேலே பல மடங்கு ரத்தம் வந்து கொட்டுகிறது! அதனால் வேலை செய்யும் இடத்தில் ஆக்சிஜன் குறையும் என்று எதிர்பார்த்தால், சிரையில் ஆக்சிஜன் கூடித்தான் இருக்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்கு லேசான காந்தத் தன்மை உண்டு, ஆக்சிஜன் ஏறியதற்கு அது இல்லை. காந்தத் தன்மை உள்ளது பக்கத்தில் இருந்தால் எம்ஆர்ஐ சிக்னல் கொஞ்சம் கெடும். வேலை நடக்கும் இடத்தில் அது குறைகிறது, ஆகவே சிக்னல் ஏறுகிறது. 1990இல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா எலிகளிடம் இதைக் காட்டினார், 1992இல் மனிதரிடம் வந்துவிட்டது. முதல் பத்தியில் சொன்ன சிவப்புத் திட்டு பெரும்பாலும் இதுதான். ஏறுவது ஓரிரு சதவீதம், அதற்குள் ஓட்டம், ரத்தத்தின் அளவு, ஆக்சிஜன் செலவு எல்லாம் கலந்து கிடக்கிறது. அதை ரத்த ஓட்டம் என்று எழுதினால் தவறு.

எம்ஆர்ஐயிலேயே ஓட்டத்தை அளக்க வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது, அதுவும் 1992இல் எலிகளிடம் தொடங்கியதுதான். வெளியிலிருந்து எதையும் ஏற்றாமல், கழுத்துத் தமனியில் போய்க்கொண்டிருக்கும் ரத்தத்தின் தண்ணீரையே ரேடியோ அலையால் புரட்டிப் போட்டு அடையாளம் வைக்கிறார்கள். 1.8 விநாடி அடையாளம் வைத்து, இன்னும் 1.8 விநாடி அது மூளைக்குப் போய்ச் சேரக் காத்திருந்து, படம் எடுக்கிறார்கள். அடையாளம் வைக்காமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மிச்சம், அந்த நேரத்தில் வந்து சேர்ந்த ரத்தம். வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இருக்காது, அதனால் ஜோடி ஜோடியாகப் பல முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டியிருக்கிறது, ஆள் தலையை அசைத்தால் போச்சு. வைத்த அடையாளமும் ஓரிரு விநாடிகளில் வேகமாக அழிந்துகொண்டே வரும். வயதானவர்களுக்கோ தமனி அடைப்பு உள்ளவர்களுக்கோ ரத்தம் தாமதமாக வந்தால், வந்து சேர்வதற்குள் படம் எடுத்துவிட்டு, அங்கே ஓட்டமே இல்லை என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. ஆனாலும் ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, மில்லிக் கணக்கும் தருகிறது. இன்னும் நிறையப் பேர் இதைப் பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம்.

இனி ஆய்வக மேசைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த முறை லேசர் ஸ்பெக்கிள். காரணம், இதன் அடிப்படையை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கடையில் கிடைக்கும் சின்ன லேசர் விளக்கை (கண்ணில் படாமல், கண்ணாடியில் அடிக்காமல்) வெள்ளைச் சுவரில் அடித்து, அந்தப் புள்ளியை உற்றுப் பாருங்கள். வழுவழுப்பாக இருக்காது, மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாக மினுங்கும். சுவரின் மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து சில இடங்களில் பலமாகவும் சில இடங்களில் அடியோடு அழிந்தும் போவதால் வரும் பொடி அது, ஸ்பெக்கிள் என்பது இதைத்தான். இப்போது அதே லேசரை ஒரு டம்ளர் பாலில் அடியுங்கள். பொடி காணாமல் போய் வெளிச்சம் பளபளவென்று ஒரே மாதிரி தெரியும். பாலில் இருக்கும் கொழுப்புத் துளிகள் ஓயாமல் அசைவதால், பொடியின் அமைப்பு கணத்துக்குக் கணம் மாறுகிறது, கண் அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் எல்லாவற்றையும் கலந்து பார்க்கிறது.

மூளையிலும் இதே சங்கதிதான். மயக்கமருந்து கொடுத்த சுண்டெலியின் தலைத்தோலை விலக்கி, மண்டையோட்டின்மேல் அகச்சிவப்பு லேசரை விரித்து அடித்து, மேலே சாதாரணக் கேமரா ஒன்றை வைக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரம், அதாவது வெளிப்பாடு, ஐந்து மில்லி விநாடி. நேரடியாகப் பார்த்தால் படம் முழுக்கப் பொடியாகத்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது. அந்தப் படத்தில் ஏழுக்கு ஏழு பிக்சல் கொண்ட சின்னக் கட்டத்தை எடுத்து, அதற்குள் வெளிச்சம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற திட்ட விலக்கத்தைக் கட்டத்தின் சராசரி வெளிச்சத்தால் வகுக்கிறார்கள். அசைவே இல்லாத இடத்தில் பொடி கூர்மையாக நிற்கும், எண் பெரிதாக வரும். சிவப்பணுக்கள் வேகமாக ஓடும் இடத்தில் அந்த ஐந்து மில்லி விநாடிக்குள் பொடி கலைந்துவிடும், எண் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். கட்டத்தை ஒரு பிக்சல் நகர்த்தி மறுபடி, மறுபடி, படம் முழுக்க. திரையில் வெறும் பொடியாக இருந்த படத்திலிருந்து கிளை கிளையாக ரத்தக் குழாய்கள் கறுப்புக் கோடுகளாக எழுந்து வரும். முதல்முறை பார்ப்பவர்கள் வாய்பிளப்பது நியாயம்தான். 1980களின் தொடக்கத்தில் பிரையர்ஸும் ஃபெர்ச்சரும் விழித்திரைக்காக யோசித்த இந்த வித்தையை, 2001இல் ஆண்ட்ரூ டன் குழுவினர் மூளையின் ரத்த ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

சின்ன விஷயம்போலத் தெரியும் ஒன்று இங்கே எல்லாவற்றையும் கெடுக்கும். லென்ஸின் துளையை எவ்வளவு திறக்கிறோமோ அதைப் பொறுத்துப் பொடியின் அளவு மாறும். வெளிச்சம் போதவில்லை என்று துளையை முழுக்கத் திறந்தால் பொடி ஒரு பிக்சலைவிடச் சின்னதாகிவிடும். ஒரே பிக்சலுக்குள் பல பொடிகள் கலந்து, ரத்தம் ஓடாத இடத்திலும் எண் குறைந்து காட்டும். பொடி இரண்டு பிக்சலாவது இருக்கும்படி துளையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த முறையின் பலம் வேகம். ஒரு விநாடிக்குப் பல படங்கள், பல மில்லிமீட்டர் பரப்பு, அதுவும் சாயம் எதுவும் ஏற்றாமல். மூளைப் பரப்பில் செல்கள் ஒன்றையடுத்து ஒன்றாகச் சார்ஜ் இழந்துகொண்டே போகும் அலை ஒன்று உண்டு. 1944இல் பிரேசில்காரரான அரிஸ்டீடிஸ் லியாவ் முயல்களிடம் முதலில் விவரித்தது, ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் கண்ணில் தெரியும் மினுமினுப்புக்கு இதுவே காரணம் என்று கருதுகிறார்கள். நிமிடத்துக்கு 2 முதல் 5 மில்லிமீட்டர்தான் நகரும். ஸ்பெக்கிள் படத்தில் அது ஒரு ஓரத்தில் தொடங்கி, சுண்டெலியின் மூளைப் பரப்பில் ரத்த ஓட்டத்தை நசுக்கிக்கொண்டே மறு ஓரம் போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒற்றைப் புள்ளியில் மட்டும் அளக்கும் லேசர் டாப்ளர் கருவியை வைத்திருந்தால், அந்த இடத்தில் ஓட்டம் விழுந்து எழுந்தது என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

பலவீனமும் பெரிது. வெளிச்சம் மேற்பரப்பில் சில நூறு மைக்ரான்வரைதான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நமக்குச் செய்தி கொண்டுவருகிறது, அடி மூளை தெரியாது. வருகிற எண் மில்லிக் கணக்கும் இல்லை, முன்பு இருந்ததில் இத்தனை சதவீதம் என்று மட்டும் சொல்லலாம். நடுவில் இருக்கும் மண்டையோடு அசையாதது, அதிலிருந்து திரும்பும் வெளிச்சம் பொடியைக் கூர்மையாகவே வைத்திருக்கும். அதனால் எலும்பு வழியாகப் பார்த்தால் ஓட்டம் குறைவாகத் தோன்றும், உண்மையில் ஓட்டம் பாதியாகக் குறைந்தாலும் படத்தில் அவ்வளவு குறையாது. மண்டையோட்டின் தடிமன் ஒவ்வொரு சுண்டெலிக்கும் வேறு. ஆகவே ஒரு சுண்டெலியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட்டு, இதற்கு ஓட்டம் அதிகம் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். பல வெளிப்பாட்டு நேரங்களில் எடுத்து அசையாத பங்கைப் பிரித்துக் கழிக்கும் வழி 2008வாக்கில் வந்தது. அதைப் பயன்படுத்தியிருந்தால் விஷயம் வேறு.

மிகமிக மெல்லிய ரத்தக் குழாயான தந்துகி ஒன்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமா? அதற்கு இரு-ஃபோட்டான் நுண்ணோக்கி. 1990இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சுண்டெலியின் மண்டையோட்டில் சின்ன வட்டம் வெட்டி, கண்ணாடி வைத்து மூடி ஒரு ஜன்னல் செய்கிறார்கள். ரத்தத்தில் ஒளிரும் சாயம் ஏற்றுகிறார்கள். சாயம் பிளாஸ்மாவில் கரையும், சிவப்பணுவுக்குள் நுழையாது. அதனால் பிரகாசமான குழாய்க்குள் சிவப்பணுக்கள் கறுப்பு நிழல்களாக ஒன்றன்பின் ஒன்றாய் ஓடுவது தெரியும், தந்துகியின் அகலம் ஐந்து மைக்ரான் பக்கம் என்பதால் இரண்டு அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் போக இடமில்லை. வேகத்தை அளக்க, லேசரைப் படம் முழுக்க ஓட்டாமல் அந்தக் குழாயின் நீளத்தில் மட்டும் விநாடிக்கு ஆயிரம் தடவைபோல முன்னும் பின்னும் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டமும் ஒரு வரி. வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், நகரும் ஒவ்வொரு சிவப்பணுவும் சாய்வான கறுப்புக் கோடாகத் தெரியும். கோட்டின் சாய்வுதான் வேகம். 30 மைக்ரான் நகர 50 வரிகள் ஆயின என்றால், வரிக்கு ஒரு மில்லி விநாடி வைத்து, விநாடிக்கு 0.6 மில்லிமீட்டர். கோடுகளை எண்ணினால் விநாடிக்கு எத்தனை அணுக்கள் போயின என்பதும் வந்துவிடும். நேராக அளக்கும் கருவி கிட்டத்தட்ட இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்தக் "கிட்டத்தட்ட" இதற்காகத்தான்.

கோடுகள் நேர் செங்குத்தாக நின்றுவிட்டால் அந்தத் தந்துகியில் ரத்தம் நிற்கிறது என்று பொருள். கார்னெலிலேயே 2019இல் வெளியான ஆய்வில், அல்சைமர் நோய்க்காக மரபு மாற்றிய சுண்டெலிகளின் மூளைப் புறணியில் எந்த நேரத்தில் பார்த்தாலும் தந்துகிகளில் ஏறக்குறைய 2 சதவீதம் அடைத்து நின்றன. சாதாரணச் சுண்டெலிகளில் அரை சதவீதம்கூட இல்லை. அடைத்தது பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு. அதைக் குழாய்ச் சுவரில் ஒட்டவிடாமல் செய்ததும் ரத்த ஓட்டமும் கூடியது, நினைவுச் சோதனையில் சுண்டெலிகள் செய்ததும் மேம்பட்டது. இந்த மாதிரிச் செய்தியை எம்ஆர்ஐயோ ஸ்பெக்கிளோ தர முடியாது. ஆனால் இந்த நுண்ணோக்கி ஒரு மில்லிமீட்டர் ஆழம் போவதற்குள் திணறும், ஒரு தடவையில் பார்ப்பது கையளவு குழாய்கள்தான்.

நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. மூளையின் ஆழமும் தெரிய வேண்டும், வேகமும் வேண்டும். அதை 2011இல் பாரிஸில் மிக்கேல் டான்டர் குழுவினர் அல்ட்ராசவுண்டால் நிரப்பினார்கள். வழக்கமான ஸ்கேன்போல வரி வரியாக அனுப்பாமல் தட்டையான அலையை ஒட்டுமொத்தமாக அனுப்பி, விநாடிக்கு ஆயிரக்கணக்கான எதிரொலிகளைச் சேர்த்துச் சின்னக் குழாய்களைக்கூடப் பிடிக்கிறார்கள். எலியின் மூளை மேலிருந்து அடிவரை 0.1 மில்லிமீட்டர் துல்லியத்தில் தெரிகிறது. ஆனால் பாருங்கள், இது முக்கியமாகக் காட்டுவது ரத்தத்தின் அளவை, மில்லிக் கணக்கிலான ஓட்டத்தை அல்ல.

எந்த முறையை எடுத்தாலும், கருவிக்கு வெளியே இருக்கும் ஒன்று முடிவைத் தலைகீழாக்க முடியும், அது விலங்கின் அன்றைய நிலைமை. ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு மூளைக் குழாய்களை விரித்துவிடும். ஏற்கெனவே விரிந்து நிற்கும் குழாய் மேலும் எவ்வளவு விரியும்? மீசையைத் தொட்டால் ஓட்டம் கூடுகிறதா என்று அப்போது சோதித்துவிட்டு, கூடவில்லை என்று எழுதினால் அது மயக்கமருந்தின் முடிவு. மயக்கத்தில் மூச்சு மந்தமானால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். அது ஒரு மில்லிமீட்டர் பாதரச அளவு ஏறினாலே மூளை ரத்த ஓட்டம் 2 முதல் 4 சதவீதம் கூடிவிடும். நல்ல ஆய்வுக் கட்டுரையில் ரத்த வாயு அளவுகளும் உடல் வெப்பமும் ரத்த அழுத்தமும் அட்டவணையாக இருக்கும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்தத் தொல்லையால் இப்போது பலர் சுண்டெலியை மயக்காமல், தலையை மட்டும் பிடித்து, காலடியில் உருளும் பந்தை வைத்து அளக்கிறார்கள். அதிலும் தொல்லை தீரவில்லை. அது நாலடி ஓடினாலும் மீசையை ஆட்டினாலும் ஓட்டம் ஏறும். அதனால் கூடவே ஒரு கேமரா வைத்து, அது எப்போது ஆடியது என்றும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மனிதர்களிடமும் இதே கதைதான், காபி உட்பட. காபியில் இருக்கும் காஃபின், குழாய்களை விரிக்கும் அடினோசின் என்ற பொருளை வேலை செய்யவிடாமல் தடுக்கும். இரண்டு மூன்று கோப்பை காபியில் இருக்கும் காஃபினே மூளையின் ரத்த ஓட்டத்தைக் கால் பங்கு அளவுக்குக் குறைத்துவிடும். அதனால் ஸ்கேன் ஆய்வுகளுக்கு வருகிறவர்களிடம் காலையில் காபி குடித்தீர்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். தினமும் குடிப்பவரைக் குடிக்காமல் வரச் சொன்னாலும் சிக்கல்தான், நிறுத்திய ஒரு நாளைக்குள் அவருக்கு ஓட்டம் வழக்கத்தைவிடக் கூடிவிடும், தலைவலியும் சேர்ந்துகொள்ளும்.